செந்தில் தொட்ட மேண்டில்

மலையில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம். அரிக்கேன் வாங்குவதா, பெட்ரோமாக்ஸ் வாங்குவதா?

சீட்டாட்டமா, தூக்கமா?

சீட்டுக்கட்டும் கூட வருகிறதென்றால் பெட்ரோமாக்ஸ். ஆனால் அது உஸ்ஸென்று இரைந்துகொண்டே இருக்கும், அவ்வப்போது பம்ப் அடிக்கவும் ஆள் வேண்டும். தூக்கம்தான் முக்கியமென்றால் அரிக்கேன். திரியைத் தாழ்த்திவிட்டால் ராத்திரி முழுக்கச் சத்தமில்லாமல் எரியும், காற்றுக்கும் லேசில் அணையாது.

பெட்ரோமாக்ஸின் உயிர் மேண்டிலில். ஒருமுறை எரிந்தபின் அது சாம்பல் போன்ற வலைதான். ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் செந்தில் கை பட்டதும் அது உடைந்துபோனது ஊருக்கே தெரியும். மலைப்பாதைக் குலுக்கலும் ஒரு செந்தில்தான். உதிரி மேண்டில் இரண்டு பையில் இருக்கட்டும்.

மேண்டிலைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரியாவின் கார்ல் ஆவர் வான் வெல்ஸ்பாக். அவருடைய பக்குவத்தில் 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. அந்தத் தோரியத்தைத் தேடித்தான் 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலுக்கு வந்து சேர்ந்தார். குமரி மணல் ஐரோப்பாவுக்கு விளக்கேற்றிய கதை அது!

எதை வாங்கினாலும் கூடாரத்துக்கு வெளியே மாட்டுங்கள். உள்ளே எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.