ஓட்டை போடுவதற்கு முன்

ஹெட்ஃபோன் ஆம்பிளிஃபயர் கட்டுவது பெரிய வித்தையில்லை. ஒரு ஆப்-ஆம்ப் ஐசி, கொஞ்சம் ரெசிஸ்டர், நாலைந்து கெபாசிட்டர், ஒரு 9 வோல்ட் பேட்டரி. ஞாயிற்றுக்கிழமை டிபன் முடித்துச் சால்டரிங் அயர்னைச் சூடேற்றினால் மதியச் சாப்பாட்டுக்குள் பாட்டு வந்துவிடும். ஹெட்ஃபோனைச் செருக டப்பாவில் ஒரு ஓட்டை போட வேண்டும் பாருங்கள், அங்கேதான் ஆள் மாதக்கணக்கில் உட்கார்ந்துவிடுவான்.

எவ்வளவு பெரிய ஓட்டை? வீட்டில் கேட்டேன். "ஹெட்ஃபோன் நுழையற அளவு" என்றாள் மனைவி. பதிலில் குறை சொல்ல முடியாது. எந்த ஹெட்ஃபோன் என்பதில்தான் வழக்கு. அப்பாவின் பழைய ஹெட்ஃபோனில் இருப்பது தடித்த 6.35 மி.மீ. பின். 19-ஆம் நூற்றாண்டில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து, செருகிச் செருகி லைன் கொடுத்தார்களே, அந்தப் பின்னின் நேர் வாரிசு. என்னிடம் இருப்பது எல்லோருக்கும் தெரிந்த 3.5. மச்சினனிடம் 4.4. அதன் விலை அவன் மனைவிக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஆகையால் என்னிடம் மரியாதையாகவே நடந்துகொள்கிறான். மகளுக்கு ஒயரே ஆகாது, ப்ளூடூத். 2016-இல் ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 7-இல் அந்த ஓட்டையை அடியோடு எடுத்துவிட்டு, அதற்குத் துணிச்சல் என்று பெயரும் வைத்தது. ஆம்பிளிஃபயர் கட்டுகிறவன் அந்தத் துணிச்சலுக்கு ஆசைப்பட முடியாது.

நான் கட்டியது சூ மோய் என்பவர் உலகத்துக்குக் கொடுத்த எளிய சர்க்யூட். அவர் பெயராலேயே 'சீமோய்' என்பார்கள். ஆல்டாய்ட்ஸ் என்ற புதினா மிட்டாயின் தகர டப்பாவில் இதை அடைப்பது அமெரிக்கச் சம்பிரதாயம். மயிலாப்பூர்ச் சம்பிரதாயப்படி நான் மகளின் பழைய ஜியாமெட்ரி பாக்ஸை எடுத்துக்கொண்டேன். பேட்டரியைப் படுக்க வைத்தால் மூடி மூடும், அவ்வளவுதான் ஆழம். இதில் 6.35 சாக்கெட்டை நுழைத்தால் பேட்டரியை வெளியே தொங்கவிட வேண்டும். கச்சேரி மேடையில் மைக்குக்குப் போடுகிற கேனன் வகையில் நாலு பின் உள்ளது ஒன்று உண்டு. செருகினால் க்ளிக் என்று பூட்டிக்கொள்ளும், இழுத்தாலும் வராது. அதைப் பொருத்தினால் கேனனுக்குள்தான் ஆம்பிளிஃபயரை வைக்க வேண்டியிருக்கும். 2.5 மி.மீ. ஒன்றும் இருக்கிறது. இடம் அடைக்காது. ஆனால் பின் அவ்வளவு ஒல்லி. பையில் ஒரு இடி வாங்கினால் நுனி முறிந்து சாக்கெட்டுக்குள்ளேயே தங்கிவிடும். நடமாடும் கருவிக்கு அது வேண்டவே வேண்டாம்.

மிச்சம் 3.5-உம் 4.4-உம். மச்சினன் 4.4-க்கு வக்காலத்து வாங்கினான். "அத்திம்பேர், பாலன்ஸ்டு போடுங்கோ. பவர் நாலு மடங்கு." கணக்கு சரிதான். சாதாரண இணைப்பில் இடது, வலது இரண்டும் ஒரே கிரவுண்ட் வழியாகத் திரும்பி வரும். பாலன்ஸ்டில் ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாக இரண்டு ஒயர், இரண்டையும் எதிரெதிராக ஓட்டுவார்கள். வோல்டேஜ் இரட்டித்தால் பவர் ஏட்டளவில் நாலு மடங்கு. அதற்கு ஆம்பிளிஃபயரும் இரண்டுக்கு நாலாகக் கட்ட வேண்டும், பேட்டரியும் அதற்கேற்றபடி சீக்கிரம் கண்ணை மூடும் என்பதை அவன் சொல்லவில்லை. நாலு மடங்கு பவரில் கேட்க என் காதும் தயாராக இல்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. பாலன்ஸ்டு ஹெட்ஃபோனை ஒரு அடாப்டர் போட்டுச் சாதாரண சாக்கெட்டில் செருகினால் நிம்மதியாகப் பாடும். சாதாரண ஹெட்ஃபோனை பாலன்ஸ்டு சாக்கெட்டில் செருகினால், இடது பக்க நெகட்டிவும் வலது பக்க நெகட்டிவும் ஒன்றாகி இரண்டு ஆம்பிளிஃபயரும் மல்லுக்கு நிற்கும். புகை வந்தாலும் வரலாம். ஆகவே மச்சினன் அடாப்டரோடு என் வீட்டுக்கு வரலாம். நான் அவன் வீட்டுக்கு வெறுங்காதோடுதான் போக வேண்டும்.

ஆக, 3.5 என்று முடிவுசெய்து ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். கடைப் பையன் தலையைத் தூக்காமலே கேட்டான்: "ஈபியா, பி-38-ஆ?" கடை பாஷையில் 3.5-க்கு ஈபி, 6.35-க்கு பி-38 என்று பெயர்.

"ஈபி. ஸ்டீரியோ. நட்டு போட்டு முறுக்குற மாதிரி."

பளபளவென்று ஒரு சாக்கெட்டை எடுத்து வைத்தான். முழுக்க உலோகம்.

"பிளாஸ்டிக் பாடி வேணும்."

அப்போதுதான் நிமிர்ந்தான். "மெட்டல்தான் சார் ஸ்ட்ராங்கு. எல்லாரும் இதத்தான் கேப்பாங்க."

அவன் சொன்னது வாஸ்தவம். ஆனால் சீமோயில் ஒரு சூது இருக்கிறது. பேட்டரி ஒன்று, ஆப்-ஆம்ப்புக்கோ பிளஸ்ஸும் மைனஸும் வேண்டும். ஆகவே இரண்டு ரெசிஸ்டரைப் போட்டு 9 வோல்ட்டை நடுவே பிரித்து, அந்த நடுப்புள்ளியைப் பூஜ்யம் என்று அறிவித்துவிடுவார்கள். கூட்டுக்குடும்பத்துக் கூடத்தில் சாக்பீஸால் கோடு கிழித்துப் பாகம் பிரித்த மாதிரி, எல்லோரும் மதிக்கும் வரைதான் அது கோடு. ஹெட்ஃபோனின் கிரவுண்ட் இந்த நடுப்புள்ளி. சாக்கெட் உலோகமாக இருந்தால் டப்பாவின் தகரமும் நடுப்புள்ளியாகிவிடும். பேட்டரிக்குப் பதில் கரண்ட் அடாப்டர் செருகுகிற டிசி சாக்கெட் வைத்து, அதன் மைனஸும் அதே தகரத்தைத் தொட்டால் போச்சு. பாட்டின் பாதி அலை வெட்டுப்பட்டுக் கரகரவென்று பொரியும்.

இதையெல்லாம் கடையில் நின்று விளக்கினேன். பின்னால் நின்றவர்களில் ஒருவர் வேறு கடைக்குப் போனார். பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பிளாஸ்டிக் பத்து ரூவா கம்மி சார், அத முதல்லயே சொல்லிருக்கலாமே" என்று எடுத்துக் கொடுத்தான்.

மலிவு சாக்கெட்டிலும் தரம் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் தகடு தளர்ந்து கிரவுண்ட் மட்டும் தொடர்பு விட்டுப்போனால் ஒரு வேடிக்கை நடக்கும். இரண்டு காதிலும் இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே கேட்கும். பாடகர் குரல் பெரும்பாலும் இரண்டு பக்கமும் சமமாக இருப்பதால் அது அடிபட்டுப் போகும். தபலா இருக்கும், வயலின் இருக்கும், எஸ்.பி.பி. இருக்கமாட்டார். டி.எம்.எஸ். காலத்து மோனோ ரெக்கார்டு என்றால் இரண்டு பக்கமும் ஒன்றேதான். மொத்தப் பாட்டும் காணாமல் போகும்.

எல்லாம் முடிந்தபின் மனைவி கேட்டாள், "ரெண்டு பேர் சேர்ந்து கேக்க முடியாதா?" 1979-இல் வந்த சோனியின் முதல் வாக்மேனில் அதற்காகவே இரண்டு ஓட்டை இருந்தது. நமக்கு அது கட்டுப்படியாகாது. என்னுடையது 300 ஓம், அவளுடைய இயர்ஃபோன் 32 ஓம். ஒரே குமிழ். எனக்குப் பாட்டு முணுமுணுக்கும்போது அவளுக்கு அலறும். இந்த ஓம் கணக்கைச் சொன்னேன். "வேண்டாம்னு நேரா சொல்றதுதானே" என்று போய்விட்டாள்.

நீங்களும் கட்டுவதாக இருந்தால் முதலில் சாக்கெட்டை வாங்குங்கள், பிறகு அதை அளந்து ஓட்டை போடுங்கள். ஜியாமெட்ரி பாக்ஸ் தகரம் மெல்லிசு. பின்னால் ஒரு மரக்கட்டையை அண்டக்கொடுக்காமல் டிரில்லை வைத்தால் கிழித்துக்கொண்டு போகும். சிறிய ஓட்டையாகப் போட்டு உருண்டை அரத்தால் ராவிப் பெரிதாக்குவது உத்தமம். 3.5 மி.மீ., ஸ்டீரியோ, பிளாஸ்டிக் பாடி. சாக்கெட் ஒன்று போதும் என்றாலும் இரண்டாக வாங்குங்கள். அந்தக் குட்டி நட்டு உருண்டு எங்கேயாவது போய்விடும், அதைத் தனியாக யாரும் விற்பதில்லை.