நான்கு மீட்டர் தள்ளியிருக்கும் காது

பட்டாசு என்றால் நம் அரசாங்கத்துக்குக் காதின் மேல் அபாரக் கரிசனம். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி அளந்தால் சத்தம் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 1999-லேயே விதி போட்டாயிற்று. வாங்கி வெடிக்கிறவர் காது பத்திரம். மருந்து செலுத்துகிற சிவகாசிப் பெண் அந்த நான்கு மீட்டரில் சேர்த்தியில்லை. வெடி அவள் மடியில் அல்லவா இருக்கிறது!

2012 செப்டம்பர் 5, சிவகாசி பக்கத்து முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. கிட்டத்தட்ட 40 பேர் செத்தார்கள். அதில் பலர் பக்கத்து ஊர்களிலிருந்து ஓடி வந்தவர்கள். பிறகு அச்சங்குளம், செங்கமலப்பட்டி, சின்னக்காமன்பட்டி. ஊர்தான் மாறுகிறது, குற்றவாளி மாறுவதில்லை: உராய்வு. இத்தனை கொலை செய்தும் உராய்வைப் பிடித்து உள்ளே வைக்க ஒரு காவல் நிலையத்துக்கும் துப்பில்லை. கைக்குக் கிடைக்கிறவர் போர்மேன்.

வெடித்த அன்று மாலைச் செய்தியில் இரண்டே எண்கள்: செத்தவர் எத்தனை, பிழைத்தவருக்குத் தீக்காயம் எத்தனை சதவீதம். தோலுக்குச் சதவீதம் உண்டு. செவிப்பறை கிழிந்தவனுக்கு? மேலே ஒரு கொப்புளம் கிடையாது, நடந்து வருகிறான், கூப்பிட்டால் மட்டும் திரும்புவதில்லை. 'அதிர்ச்சியில இருக்காரு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா.' கிழிந்த பறை சில வாரங்களில் கூடினாலும் கூடும். உட்காதில் செத்த உயிரணு திரும்பாது. நிவாரண அறிவிப்பில் இறந்தவர், பலத்த காயம், லேசான காயம் என்று மூன்று பத்தி. செவிடானவர் எந்தப் பத்தி, ஐயா?

தொண்டை இன்னும் பொல்லாதது. மூடிய அறையில் நெருப்பை மூச்சோடு இழுத்தவர் முதலில் நன்றாகவே பேசுவார். மூக்கு மயிர் கருகியிருக்கும், சளியில் கரி வரும், குரல் கம்மும். அப்போதே குழாய் செருகத் தெரிந்த ஒரு கை வேண்டும். வீங்கி அடைத்துவிட்டால் கழுத்தை வெட்டித்தான் மூச்சு விட வைக்க வேண்டும். முதலிப்பட்டிக்காரர்களில் பலரை நாம் மதுரைக்கு அனுப்பினோம், எழுபது சொச்சம் கிலோமீட்டர். கப்பலூர் டோல்கேட் தாண்டும்வரை பொறுத்தருளும்படி வீக்கத்திடம் மனு கொடுத்திருப்போம் போல.

2022 ஜனவரியில் விருதுநகருக்கு மருத்துவக் கல்லூரி வந்தது. பிரதமரே காணொலியில் திறந்து வைத்தார். சந்தோஷம். வெம்பக்கோட்டைப் பக்கம் வெடித்தால் ஓடி வருகிற வண்டியில் அந்தக் குழாயும் கையும் இருக்கட்டும். பிழைத்து வந்த ஒவ்வொருவர் காதருகிலும் ஓர் இசைக்கவையைத் தட்டிப் பாருங்கள். அதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டுமாம்! இசைக்கவை ஒரு பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் விலைகூட வராது. தீபாவளிக்கு உங்கள் வீடு தேடி வரும் பெட்டிகளில் ஒன்றைத் திருப்பி அனுப்புங்கள், நாங்களே வாங்கிக்கொள்கிறோம்.