அஞ்சாவது ஆள்

போன வியாழக்கிழமை சூலூர்பேட்டை மெமுவில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அந்தச் சந்தோஷம் தண்டையார்பேட்டை வரைகூடத் தாங்கவில்லை. எதிரே வந்து உட்கார்ந்த ஆசாமி போனை எடுத்தார், சத்தத்தை முழுசாக ஏற்றினார், கட்டைவிரலை ஒருமுறை சட்டையில் துடைத்துக்கொண்டார். மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை. நீங்களும் ரயிலில் போகிறவர்தானே.

ஹெட்செட் இல்லாத ஏழை என்று நினைத்துவிடாதீர்கள். கழுத்தில் உத்திராட்ச மாலை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அது அலங்காரத்துக்கு.

மீஞ்சூர் வரை பொறுத்தேன். அரை மீன் குழம்பு, கால் ஜோசியம், ஒரு நாய்க்குட்டி குளிப்பது. எதுவும் முழுசாக முடிவதில்லை. மீஞ்சூர் தாண்டியதும் திடீரென்று எனக்குத் தெரிந்த ஒரு மெட்டு. ‘இவங்க இப்ப எங்கே?’ என்று ஒரு குரல். எட்டிப் பார்த்தால், வைவா!

2002-இல் எங்கள் வீட்டு கேபிளில் சேனல் வி புள்ளி புள்ளியாகத் தெரிந்த காலம். ‘பாப்ஸ்டார்ஸ்’ என்று ஒரு நிகழ்ச்சி. ஊர் ஊராகப் போய்ப் பெண்களைப் பாடச் சொல்லி, அழச் சொல்லி, கடைசியில் ஐந்து பேரைப் பொறுக்கி எடுத்து ஒரு பாட்டுக் குழு கட்டினார்கள். யோசனை நம்முடையது இல்லை. 1999-இல் நியூசிலாந்து டிவியில் ட்ரூபிளிஸ் என்ற குழுவை இப்படித்தான் செய்தார்கள். அந்த அச்சில் வார்த்த நம் ஊர் இட்லிதான் வைவா. முதல் ஆல்பம் 2002-இல். பட்டிதொட்டி எல்லாம் ஒலித்தது என்று எழுதத்தான் ஆசை. எங்கள் பட்டியில் அப்போது என் ஒருவன் வீட்டில்தான் ஒலித்தது. அடுத்த வருஷம் இரண்டாவது ஆல்பம். அதற்குள் ஐந்து நான்காகிவிட்டது. பிறகு கொஞ்ச நாளில் குழுவே இல்லை.

  

ரயிலுக்கு வருவோம். போனில் அந்தக் குரல் ஒவ்வொரு பெயராகச் சொல்கிறது. அனுஷ்கா மன்சந்தா. நேஹா பாசின் (2007-இல் ‘சத்தம் போடாதே’ படத்தில் யுவனுக்குப் ‘பேசுகிறேன்’ பாடினாரே, அவரேதான்). பிரதீச்சி மொஹபாத்ரா. மஹுவா காமத். அப்புறம்...

கட்டைவிரல் தள்ளியது. கிணற்றில் விழுந்த பாம்பைப் பிடிக்கிறார்கள்.

“சார், அதக் கொஞ்சம் திரும்பப் போடுங்களேன்” என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக இந்த ஜாதி மனிதர்களிடம் சத்தம் வேண்டும் என்று கேட்கிறேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் குத்திக்காட்டுவதாக நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. முகம் சிவந்து, கழுத்திலிருந்த மாலையைக் கழற்றிக் காதில் சொருகிக்கொண்டார். பெட்டியே நிசப்தமானது. பக்கத்தில் ஒரு அம்மா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

கூகிளில் தேடலாமே என்பீர்கள். தேடினால் தோற்றதாக ஆகாதா? தானாக வரவேண்டும். யோசித்தேன். பொன்னேரி. கவரப்பேட்டை. வரவில்லை.

யோசித்துப் பார்த்தால் இது அந்தப் பெண்ணின் கோளாறு இல்லை, ஐந்து என்ற எண்ணின் கோளாறு. பாண்டவர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். தருமன், பீமன், அர்ச்சுனன் என்று நிறுத்தி நிதானமாகச் சொல்கிற நாம், நகுலசகாதேவன் என்று இரண்டு பேரை ஒரே மூச்சில் ஒரே ஆளாக்கிவிடுகிறோம். ஐம்பெருங்காப்பியங்கள்? மூன்றுக்குப் பிறகு பரீட்சைக்காக வளையாபதி, குண்டலகேசி. அவையும் முழுசாகக் கிடைக்கவில்லை, சில செய்யுள்கள்தான். ஐந்திணையில் பாலை. மற்ற நால்வருக்கும் மலை, காடு, வயல், கடல் என்று பட்டா போட்டுக் கொடுத்துவிட்டு, பாலைக்கு ஒரு சென்ட் சொந்த நிலம் கிடையாது. குறிஞ்சியும் முல்லையும் காய்ந்துபோனால் அங்கே குடியிருந்துகொள்ள வேண்டியது. பஞ்சபூதத் தலங்கள்? காஞ்சிபுரம், திருவானைக்காவல், திருவண்ணாமலை, சிதம்பரம் நான்கும் இங்கே. காளஹஸ்தி ஆந்திராவுக்குப் போய்விட்டது. எங்கள் ஊர் செக்போஸ்ட் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். சீட்டு போட்டார்களா என்று தெரியவில்லை.

எங்கள் ஊர் என்றதும் ஞாபகம் வருகிறது.

“எந்த ஊரு சார்?”

“எளாவூர்.”

“எண்ணூரா?”

“எளாவூர். கும்மிடிப்பூண்டிக்கு அடுத்த ஸ்டேஷன்.”

“ஓ, சிப்காட்ல வேலையா?”

“இல்ல சார், ஊரே அங்கதான்.”

“அதுக்கு அந்தாண்ட தடா அருவி இல்ல வருது?”

“...செக்போஸ்ட்.”

“ஆங்! செக்போஸ்ட்! மொதல்லயே சொல்றதுதானே!”

இருபது வருஷமாக இதே உரையாடல். லோக்கல் வண்டிகள் கும்மிடிப்பூண்டியோடு மூட்டை கட்டிவிடும். மெமுவை விட்டால் ஷேர் ஆட்டோவில் அரைப் பக்கம் உட்கார்ந்து, கல்கத்தா லாரிகளோடு போக வேண்டும். கும்மிடிப்பூண்டியைத் தெரியும், ஆரம்பாக்கத்தைத் தெரியும், தடாவுக்குப் பாக்கெட்டைத் தட்டிக்கொண்டு பைக்கில் போகத் தெரியும். நடுவில் இருப்பவன் பெயர் மட்டும் எவனுக்கும் நாக்கில் வராது. எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

மூன்றே பேர் என்றால் இந்தத் தொல்லை இருக்காது என்றும் சொல்ல முடியவில்லை. நெதர்லாந்தில் ‘லவ்’ என்று ஒரு குழு. ஹோசே, மார்கா, பாட்டி. (பாட்டி பிரார்ட் என்பது இளம்பெண்ணின் பெயர். தமிழில் எழுதினால் நான் என்ன செய்ய?) 1978-இல் அவர்கள் பாட்டு அந்த நாட்டில் முதலிடம். 1980-இல் பாட்டி விலகினார், வேறொருவரைப் போட்டார்கள், 1981-இல் கடையைக் கட்டினார்கள். அந்த வேறொருவர் பெயர் ரியா தீல்ஷ். சொல்லி வைக்கிறேன், வேறு யாரும் சொல்லமாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம் கேட்டேன்.

“வைவாவா? சீமா ராம்சந்தானி. அவதானே மொதல்ல போனவ” என்றாள், முருங்கைக்கீரை உருவிக்கொண்டே.

ரயிலில் இருந்தே போன் பண்ணியிருக்கலாம். போகட்டும். “மிச்ச நாலு பேரைச் சொல்லு” என்றேன், அவளும் தோற்க வேண்டும் என்கிற நல்லெண்ணத்தில். அனுஷ்கா, நேஹா, மஹுவா, விரல் விட்டாள். பிறகு “நீத்தி மோகன்” என்றாள்.

“அவங்க ‘ஆஸ்மா’டி. அடுத்த சீசன். ‘நானும் ரௌடிதான்’ல ‘நீயும் நானும்’ பாடினவங்க.”

“இதுலயும் இருந்தா.”

“இல்ல. பிரதீச்சி.”

“அப்படி ஒருத்தி இல்லவே இல்ல. நீங்களா சொல்றீங்க.”

எண்ணிப் பார்த்ததில் எங்கள் வீட்டில் இப்போது வைவாவில் ஆறு பேர். போனை எடுத்துப் பார்க்க இருவருக்கும் மனசில்லை. கீரை பாதியில் கிடக்கிறது.