இடுப்பளவு பாதாளம்

புராண வாசனையோடு தொடர்கதை எழுதக் கிளம்பியவன் பழவேற்காட்டுத் தோணிரேவுப் பக்கம் போயிருக்கக் கூடாது. முதல் அத்தியாயத்தில் என் நாயகன் பழவேற்காடு ஏரியில் குதித்து, ஏழு நாள் மூழ்கி, வருணன் மாளிகையை அடைகிறான். அங்கே வலையில் சிக்கிய நண்டின் காலைப் பக்குவமாக விடுவித்துக்கொண்டிருந்த பெரியவர், இதை நான் சொல்லக் கேட்டு நிமிர்ந்தார். "எந்த இடத்துல சார் குதிக்கிறாரு? இடுப்பளவுதான் தண்ணி. முட்டி பேந்துடும்."

ஏரியின் சராசரி ஆழம் சுமார் ஒரு மீட்டர். பாதாள லோகத்துக்குக் கட்டுப்படியாகாது.

சரி, மாய வலை வீசட்டும் என்றேன்.

"இன்னிக்கு அவரு பாடா?"

யார், என்றைக்கு, எங்கே வலை போடுவது என்பதை இந்த ஏரியின் பல ஊர்கள் தலைமுறைகளாக முறைவைத்து நடத்துகின்றன. அதற்குப் பெயர் பாடு. தேவகுமாரனானாலும் வரிசைதான்.

கடலுக்கே தப்பிக்கலாமென்றால், முகத்துவாரத்தை மணல் அடைத்துவிடுமாம். 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வ'னை வாராவாரம் ஓட்டிய கல்கிக்குக் கோடியக்கரையில் இப்படியொரு பெரியவர் வாய்க்கவில்லை போலும். கொடுத்துவைத்தவர்.

இப்போதைக்கு நாயகனை இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தி 'தொடரும்' போட்டிருக்கிறேன். பக்கத்தில் பூநாரைகள் அவனைவிடக் கம்பீரமாக நிற்கின்றன.