வேட்டை தொடரும்: இரண்டாம் பாகம் எடுப்பது எப்படி?

படம் படுத்துவிட்டால் தயாரிப்பாளருக்கு ஒரு மாதம் தூக்கம் போகும். ஓடிவிட்டால் பதினைந்து வருஷம் போகும். ‘இதையே இன்னொரு தடவை செய்தால் என்ன?’ என்ற கேள்வி ராத்திரி இரண்டு மணிக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொள்ளும். அப்படித் தவிக்கும் நல்ல உள்ளங்களுக்காகவே இந்தக் கையேடு.

மாதிரிப் பாடமாக ‘சாமி’யை எடுத்துக்கொள்வோம். கதை நடக்கும் இடம் எங்கள் திருநெல்வேலி என்பதால் எனக்கு அதில் ஒரு உரிமை உண்டு. 2003 மே 1 அன்று வந்த படம். ஹரி இயக்கம், ஹாரிஸ் ஜெயராஜ் இசை. தன்னைப் பொறுக்கி என்று தானே அறிமுகப்படுத்திக்கொள்ளும் போலீஸ் ஆறுச்சாமியாக விக்ரம், இட்லிக்குச் சாம்பாருக்குப் பதில் பீர், வில்லன் பெருமாள் பிச்சையாகக் கோட்டா சீனிவாச ராவ், நடுநடுவே விவேக். தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் இந்திக்கும் குடிபோன கதை. அதன் இரண்டாம் பாகமான ‘சாமி ஸ்கொயர்’ 2018 செப்டம்பர் 21 அன்று வந்தது. முதல் படத்தை எங்கள் ஊர் டீக்கடையில் இன்றும் காட்சி காட்சியாகச் சொல்வார்கள். இரண்டாவதைப் பற்றிக் கேட்டால், “டீ போடவா?” என்பார்கள். பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது.

தேவையான பொருட்கள்

ஓடி முடித்த படம்: 1 (பதினைந்து ஆண்டு ஊறியது)
மீசை: பழைய அளவைவிட ஒரு விரற்கடை கூடுதல்
செத்த வில்லனுக்கு, இதுவரை யாரும் கேள்விப்படாத மகன்: 1
வெளிநாடு: 1
பறக்கும் வண்டிகள்: தேவையான அளவு
பழைய படத்தின் துண்டுகள்: தாளிக்க
ஊர்: விருப்பப்பட்டால்
கதை: கடைசியில், தூவ

செய்முறை

1. முதலில் தலைப்பை வையுங்கள். கதை பிறகு வரும், வராமலும் போகும். வெறும் ‘2’ என்று போடுவது பழைய மோஸ்தர். ‘ஸ்கொயர்’ என்றால் பலம் பல மடங்கு என்று பொருள்படும், போஸ்டரிலும் மேலே குட்டியாக ஒரு 2 போட்டால் அழகாக இருக்கும். ஒரே ஓர் எச்சரிக்கை. பள்ளிக்கூடக் கணக்கில், ஒன்றுக்கு மேற்பட்ட எண்ணை வர்க்கப்படுத்தினால்தான் பெருகும். கையில் இருப்பது அரை என்றால், வர்க்கம் கால்.

2. ஆட்கள் வராவிட்டால் கவலைப்படாதீர்கள். முதல் பாகத்துப் புவனாவான த்ரிஷா, கருத்து வேறுபாடு என்று சொல்லி 2017 அக்டோபரிலேயே விலகிக்கொண்டார். அந்த வேடத்துக்கு ஐஸ்வர்யா ராஜேஷ் வந்தார். அவர் நல்ல நடிகை, அவர்மேல் குற்றமே இல்லை. ஆனால் பார்வையாளன் ஞாபகசக்தி உள்ள பிராணி என்பதைத் திட்டம் போடும்போது மறந்துவிடுகிறோம். நான் படம் பார்த்த அன்று, ஆறுச்சாமி பக்கத்தில் புது முகம் வந்து நின்றதும் பின்வரிசையிலிருந்து ஒரு பையன் கத்தினான்: “ஏல, அண்ணிய மாத்திட்டாங்கல!” அதற்குப் பிறகு வந்த சோகக் காட்சியிலும் எங்கள் வரிசை சிரித்துக்கொண்டுதான் இருந்தது. படத்தின் உருப்படியான நகைச்சுவை அதுதான் என்பது என் தாழ்மையான கருத்து.

3. கணக்கு கேட்பவனை உள்ளே விடாதீர்கள். நாங்கள் கண்ணால் பார்த்து ஆறுச்சாமிக்கும் புவனாவுக்கும் கல்யாணம் ஆனது 2003-இல். படம் வந்த ஆண்டுக் கணக்கில் பார்த்தால், 2018-இல் அவர்கள் மகன் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டாம் பாகத்திலோ அந்த மகன் ராமசாமி ஐ.பி.எஸ். அதிகாரியாகித் திருநெல்வேலிக்கு வந்து இறங்குகிறார். எங்கள் பாளையங்கோட்டையில் ஐ.பி.எஸ். தேர்வுக்காகவே முப்பது வயதுவரை நூலகத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய ஊக்கம்.

4. வில்லனை இறக்குமதி செய்யுங்கள். பெருமாள் பிச்சை ஏன் பயமுறுத்தினார்? வெள்ளை வேட்டி சட்டையில், பக்கத்துத் தெருக் கல்யாணத்தில் மொய் எழுதிக்கொண்டிருப்பவர் போல இருந்தார். அப்படிப்பட்டவரை நாங்கள் ஒவ்வொருவரும் பார்த்திருக்கிறோம், எழுந்து நின்று வணக்கமும் சொல்லியிருக்கிறோம். பயம் அங்கேதான் இருந்தது. இரண்டாம் பாகத்துக்கு அது போதாது என்று தோன்றும். உடனே இலங்கையிலிருந்து ராவணப் பிச்சை என்று ஒரு மகனைக் கப்பலேற்றுங்கள். பாபி சிம்ஹாவும் முறைக்க வேண்டிய அளவு முறைத்தார். ஆனாலும் கடல் தாண்டி வந்தவனைப் பார்த்து நெல்லைக்காரன் ஏன் பயப்பட வேண்டும்? அவன் கல்யாணத்துக்கு நாங்கள் போகவே போவதில்லை.

இது புது வழக்கமும் இல்லை. 1979-இல் ‘கல்யாணராமன்’ வந்தது. 1985-இல் வந்த அதன் அடுத்த பாகத்துக்குப் பெயர் ‘ஜப்பானில் கல்யாணராமன்’. தலைப்பிலேயே விமான டிக்கெட் எடுத்துவிட்டார்கள். ஹரியின் ‘சிங்கம்’ வரிசையும் அதே வழிதான். 2010-இல் நல்லூரும் சென்னையும், 2013-இல் தூத்துக்குடியும் தென்னாப்பிரிக்காவும், 2017-இல் விசாகப்பட்டினமும் ஆஸ்திரேலியாவும். வில்லனின் பாஸ்போர்ட்டில் முத்திரை கூடக் கூட, படத்தின் கனம் குறைகிறது.

5. பல்பை அணையுங்கள், அல்வா தானாக வரும். இந்தப் பாடத்துக்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே சாயங்காலம் திறக்கும் இருட்டுக்கடையை எல்லோருக்கும் தெரியும். கடையில் வெளிச்சம் குறைவு, அதனால் அந்தப் பெயர். சரக்கு நன்றாக இருந்ததால் கூட்டம் வந்தது, கூட்டம் வந்ததால் இருட்டுக்குப் பெருமை வந்தது. அந்தப் பெயரைக் கொஞ்சம் முன்னே பின்னே மாற்றி எழுதிய பலகைகளை எத்தனையோ ஊர்களில் பார்த்துவிட்டேன். அவர்கள் இருட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பால் பிழிந்து, புளிக்கவிட்டு, நெய் தானாகப் பிரிந்து ஓரத்தில் நிற்கிறவரை கை ஓயாமல் கிண்டுகிற வேலையை யாரும் எடுத்துப் போகவில்லை.

இரண்டாம் பாகக்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள். மீசை, கூலிங் கிளாஸ், நடந்து வரும்போது அதிரும் இசை, பழைய வசனத்தின் பேரப்பிள்ளை மாதிரி ஒரு வசனம். இவையெல்லாம் பல்பு. முதல் ‘சாமி’யின் சரக்கு வேறு. லஞ்சம் வாங்குகிற போலீஸாக ஆறுச்சாமி ஊருக்குள் வந்தார். பெருமாள் பிச்சையின் காசை வாங்கிக்கொண்டே ஊரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்தார். இவர் நல்லவரா, கெட்டவரா என்று பாதிப் படம்வரை எங்களுக்குள் ஒரு வழக்கு ஓடியது. இலையில் வாங்கிய சூடான அல்வா தொண்டையில் வழுக்கி இறங்கிய கையோடு ஒரு பிடி மிக்சரை வாயில் போட்டுக்கொள்வோமே, அந்த இனிப்பும் காரமும் அடுத்தடுத்து வருகிற ருசி அதில் இருந்தது. ராமசாமியோ பிறந்ததிலிருந்தே நல்லவர். கிண்டுவதற்குச் சட்டியில் ஒன்றும் இல்லை, கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

6. எல்லோரும் எடுக்கும்போது நீங்களும் எடுங்கள். 2018-ஐ முன்மாதிரியாகக் கொள்க. கலகலப்பு 2, கோலி சோடா 2, தமிழ்ப் படம் 2, விஸ்வரூபம் 2, சாமி ஸ்கொயர், சண்டக்கோழி 2, 2.0, மாரி 2 என்று பிப்ரவரியில் தொடங்கி டிசம்பர் வரை வரிசை கட்டி நின்றன. அந்த வருஷம் டிக்கெட் கவுன்டரில் “ரெண்டு” என்று கேட்டால், படமா ஆளா என்று திருப்பிக் கேட்டிருக்க வேண்டும்.

மாற்று முறை (பத்தியக்காரர்களுக்கு)

மேலே சொன்ன முறையில் செய்து அஜீரணம் கண்டவர்களுக்காக, கல்லிடைக்குறிச்சி பக்கத்தில் நெல் போடும் ஒரு அண்ணாச்சியிடம் யோசனை கேட்டேன். ‘சாமி’யை ஆறு தடவை தியேட்டரில் பார்த்தவர். ‘ஸ்கொயரை’ அரை தடவை.

“வே, இந்த ஆத்தங்கரையில எல்லாமே ரெண்டு பாகம்தான். காரு, பிசானம். அதுல எது பெருசு?”

“பிசானம்.”

“பாத்தீரா? ரெண்டாம் பாகம்தான் பெருசு. அதனால ரெண்டாவது எடுக்கதே தப்புன்னு சொல்லாதீரும்.”

ஜூனில் தென்மேற்குப் பருவத்தில் ஆற்றில் வரும் தண்ணீரை நம்பிக் கார் சாகுபடி. அக்டோபரில் வடகிழக்கு மழையோடு பிசானம் தொடங்கி பிப்ரவரி வாக்கில் அறுப்பு. இரண்டு மழையும் கிடைக்கிற ஆறு என்பதால் தாமிரபரணிக்கு இந்தக் கொடுப்பினை.

“அப்போ இவங்க எங்க தப்பு பண்ணுதாங்க அண்ணாச்சி?”

“காரு அறுத்த தாள்லயே பிசானம் வெளைய வைக்கப் பாக்காங்க. அது நடக்குமா? வயல திரும்பவும் உழணும், தொழி அடிக்கணும், புதுசா நாத்துப் பாவணும். ஆறு அதே ஆறு, வயலு அதே வயலு, வெத வேற. அறுத்த தாளு சும்மா கெடந்தாலும் துளுக்கும்லா, அதுக்குப் பேரு மறுதாம்பு. தூரத்துல இருந்து பாத்தா பச்சப் பசேல்னுதான் இருக்கும். மாட்டுக்கு ஆகும். மரக்கால்ல அளக்க ஆகாது.”

இதை வைத்துப் பார்த்தபோது எனக்குச் சில கணக்குகள் விளங்கின. 2007-இல் ‘முனி’ வந்தது. 2011-இல் அதன் இரண்டாம் பாகமான ‘காஞ்சனா’ அதைவிடப் பெரிதாக விளைந்தது. ராகவா லாரன்ஸ் பேய்க்குப் பயந்து நடுங்குகிற ஆள் என்கிற வயலை மட்டும் வைத்துக்கொண்டு, பேயையும் அதன் நியாயத்தையும் புதிதாக நட்டார். சரத்குமார் திருநங்கையாக வந்து நின்றது புது விதை. ‘சிங்கம்’ இரண்டாவது ஓடியதற்கும் காரணம் உண்டு. சீருடையைக் கழற்றிவிட்டு ஊர் திரும்பும் துரைசிங்கத்திடம் ரகசிய வேலை ஒன்றை ஒப்படைப்பதோடு முதல் படம் முடிகிறது. இரண்டாவதில் அவர் தூத்துக்குடிப் பள்ளிக்கூடத்தில் என்.சி.சி. வாத்தியார். அறுப்புக்கு முன்பே நாற்றங்கால் தயார்.

“மூணாவது பாகம்?” என்று கேட்டேன்.

“அது காருக்கு முன்னால போடுத முன்காரு மாதிரி. பாபநாசத்துலயும் மணிமுத்தாறுலயும் தண்ணி மிச்சம் கெடந்தாத்தான் தெறந்து விடுவாங்க. ஆசையில நாத்த நட்டுட்டு அணைய அண்ணாந்து பாத்தா, கல்லுதான் தெரியும்.”

சிங்கத்தின் மூன்றாம் பாகம் 2017 பிப்ரவரியில் வந்தது. அணையில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்பதைப் பார்த்தவர்களே சொல்லட்டும்.

7. கடைசியாக, சூளையைத் திறங்கள். மேலே சொன்ன ஆறையும் கோட்டைவிட்டாலும் இதை ஒழுங்காகச் செய்தால் போதும், படம் நிச்சயம் விழும்.

முதல் ‘சாமி’ முடிந்த விதம் ஞாபகம் இருக்கிறதா? பெருமாள் பிச்சையை ஆளில்லாத செங்கல் சூளைக்குக் கொண்டுபோய், சுட்டு, சூளையிலேயே எரித்துவிடுகிறார் ஆறுச்சாமி. ஊருக்கு அது தெரியாது. பெருமாள் பிச்சை தலைமறைவு, போலீஸ் தேடிக்கொண்டிருக்கிறது என்பதுதான் ஊருக்குத் தெரிந்த செய்தி. சாமியின் வேட்டை தொடரும் என்று படம் முடியும். அந்த ‘தொடரும்’ ஒரு நக்கல். தேடுகிறவருக்கும் தெரியும், பார்க்கிற எங்களுக்கும் தெரியும், தேட ஆள் இல்லை என்று. தியேட்டரில் இருந்த அத்தனை பேரையும் கூட்டாளியாக்கி, காதில் ஒரு ரகசியம் சொல்லி அனுப்பிவைத்த முடிவு அது. ‘தொடரும்’ என்ற சொல்லை எழுத்துக்கு எழுத்து நம்பி, பதினைந்து வருஷம் கழித்து ஒப்பந்தம் போட்டவர்கள்தான் இரண்டாம் பாகம் எடுத்தார்கள். காணாமல்போன அப்பாவைத் தேடி மகன் வருகிறான். என்ன நடந்தது என்று தெரிந்துகொள்கிறான். ஆறுச்சாமியையும் புவனாவையும் கொல்கிறான். நாங்கள் கட்டிக் காத்த ரகசியம் போயிற்று, சொன்னவரும் போய்விட்டார்.

2003-க்குப் பிறகு, அண்ணாச்சியோடு அம்பாசமுத்திரம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எங்கேயாவது ஒரு சூளை புகைவதைப் பார்த்தால் முழங்கையால் இடிப்பார். “உள்ளதாம்வே இருக்காரு பெருமாள் பிச்சை. போலீஸு இன்னும் தேடுது.” முன் சீட்டில் இருக்கும் முகம் தெரியாத ஆளும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். பதினைந்து வருஷம் அலுக்காமல் ஓடிய படம் அது. டிக்கெட் பஸ்ஸுக்கு மட்டும்தான்.

போன மாதம் அதே வழியில் போனோம். சூளை ஒன்று புகைந்துகொண்டிருந்தது. முழங்கை வரும் என்று நான் விலாவைத் தயாராக வைத்திருந்தேன். அண்ணாச்சி ஜன்னல் வழியாக ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

“செங்கல் வெல ஏறிட்டாம்லா,” என்றார்.