மைக்ரோசெகண்ட் மாமா

ப்ரஷ்லெஸ் மோட்டார் ஒன்றை ஓட்டுவது, ரிமோட் ஒன்று வாங்கிவிட்டால் கால் மணி நேரத்தில் முடிகிற வேலை. அதனால்தான் மாமா வாங்குவதில்லை.

எந்தத் தெருவிலும் இவரைப் பார்க்கலாம். ஏதோ ஒரு ஆபீசில் ஓய்வு பெற்றிருப்பார். மாதம் ஒரு தடவை சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், 1000 கேவி ப்ரஷ்லெஸ் மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்த 30 ஆம்ப் ஈஎஸ்சி, 11.1 வோல்ட் லிப்போ பேட்டரி என்று மளிகைச் சாமான் போல வாங்கி வருவார். "ரிமோட்டும் ரிசீவரும் போடட்டுமா சார்?" என்று கடைப்பையன் கேட்டால் போதும், கவுண்டரிலேயே வகுப்பு ஆரம்பமாகிவிடும்.

"ரிசீவர் ஈஎஸ்சிக்கு என்னப்பா சொல்லுது? செகண்டுக்கு அம்பது துடிப்பு. ஒவ்வொண்ணும் 1000 மைக்ரோசெகண்ட் நீளம்னா நில்லு, 2000னா முழு வேகத்துல ஓடு. இதைச் சொல்ல வானொலி நிலையம் எதுக்கு?"

பின்னால் வரிசை நீளும்.

வீட்டில் மாட்டுகிறவர்களுக்கு அடுத்த பாடம். "பேட்டரியை நேரா கொடுத்தா சுத்தாதா மாமா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டால், காபி ஆறும் வரை எழுந்திருக்க முடியாது. "சாதா மோட்டார்ல கார்பன் பிரஷ் இருக்கு, அது கரன்ட்டை மாத்தி மாத்தி விடும். இதுல வெறும் மூணு வயர். எந்தச் சுருளுக்கு எப்போ கரன்ட்னு ஈஎஸ்சிதான் பார்த்துக் கொடுக்கணும். திசை மாறணுமா? மூணுல ஏதாவது ரெண்டு வயரை மாத்திப் போடு, தீர்ந்தது."

ரிமோட் இல்லாமல் அந்தத் துடிப்பை உண்டாக்க, முதலில் 555 சில்லு. மாமா அரைக்கால் சட்டை போட்டுத் திரிந்த 1972இல் சந்தைக்கு வந்தது என்பதால் அதன் மேல் ஒரு பாசம். நாலு மலிவு உதிரிப் பாகங்களைச் சேர்த்துத் துடிப்பு வரவழைத்தார். வெயில் ஏற ஏற கெபாசிடர் மனம் மாறியது, மோட்டாரும் மாறியது.

அடுத்து, அதே துடிப்பைத் தரும் சர்வோ டெஸ்டர். தீப்பெட்டி அளவு, ஒரே ஒரு திருகு. ஈஎஸ்சியின் சிவப்பு வயரே அதற்கு 5 வோல்ட் கொடுத்துவிடும். மாட்டினார், திருகினார், ஓடியது. மாமாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. இவ்வளவு சுலபமாக முடிந்தால் மிச்ச ஆயுளை என்ன செய்வது? அதனால் இப்போது அர்டுயினோ என்ற குட்டிக் கணினிப் பலகை. 10கே பொட்டன்ஷியோமீட்டர் ஒன்றைத் திருகினால் 0 முதல் 1023 வரை எண் வரும். அதை 1000 முதல் 2000 வரை மாற்றி அனுப்புகிறார். சின்னத் திரையில் 1487 என்று தெரியும். "1486 வச்சா கொஞ்சம் இழுக்குது பாரு" என்பார். நமக்குத் தெரியாது. மோட்டாருக்கும் தெரியாது.

அத்தைக்கு எலக்ட்ரானிக்ஸில் பட்டமில்லை, காது உண்டு. ஈஎஸ்சியில் ஸ்பீக்கர் கிடையாது, மோட்டாரின் சுருளையே அதிரவைத்துத்தான் பீப் போடும். "விடாம கத்துதே, சிக்னல் வரலைங்க" என்று அடுப்படியிலிருந்தே குரல் வரும். கொஞ்ச நேரத்தில், "மூணு தடவை கத்தி நீளமா ஒண்ணும் வந்துடுச்சு. தள்ளி நில்லுங்க, ஓடப்போகுது."

பாதுகாப்பில் மாமா கறார். மோட்டாரைப் பலகையில் இறுக்கி, இறக்கையைக் கழற்றித்தான் ஓட்டுவார். திரும்ப மாட்டியதில்லை. ஆகவே, அவ்வளவு துல்லியமான அந்த வேகத்தில் மோட்டாரைத் தவிர எதுவும் சுற்றுவதில்லை. "இதை வச்சு என்ன பண்ணப் போறீங்க மாமா?" என்ற கேள்விக்கு மட்டும் அவரிடம் பாடம் இல்லை. "முதல்ல கன்ட்ரோல் வரட்டும்" என்பார்.

பொறுத்துப் பார்த்த அத்தை, கரன்ட் பில் குறையும் என்று ஹாலுக்கு பிஎல்டிசி ஃபேன் வாங்கிவிட்டார். அதுவும் ப்ரஷ்லெஸ் மோட்டார்தான், ரிமோட்டோடு வந்தது. மாமா ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ரேடியோ இல்ல, இன்ஃப்ரா ரெட். கொள்கைக்குப் பாதகமில்ல" என்று அனுமதி வழங்கினார்.

சாயங்காலம் ஃபேனுக்கு நேர்கீழே ஸ்டூல் போட்டு, கையில் ஸ்க்ரூ டிரைவரோடு நின்றார்.

"என்னங்க, இப்பத்தானே வந்தது, நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுது. மூணுக்கும் நாலுக்கும் நடுவுல வேணும்னா?"