கரி தெரிந்தவர்களுக்குக் கதிர் தெரியவில்லை

நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யின் அறிவாற்றலை யாரும் குறைத்துப் பேசக்கூடாது. மண்ணுக்கடியில் கரி எந்த ஆழத்தில் தொடங்குகிறது, எத்தனை மீட்டர் தடிமன், அதற்கும் கீழே நிலத்தடி நீர் எவ்வளவு அழுத்தத்தோடு முட்டிக்கொண்டிருக்கிறது, எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. 1956-இல் தொடங்கிய நிறுவனம் அல்லவா! தெரியாமல் போனது ஒன்றே ஒன்றுதான்: மண்ணுக்கு மேலே நிற்கும் நெல் எப்போது அறுப்புக்கு வரும் என்பது. சேத்தியாத்தோப்புப் பக்கத்தில் எந்தப் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கும்.

கேட்கவில்லை. 2023 ஜூலை 26 அன்று கடலூர் மாவட்டம் சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவி வயல்களில் பொக்லைன்கள் இறங்கின. வரப்பு உடைந்தது. பச்சைப் பயிரை வேரோடும் சேற்றோடும் வாரியெடுத்து ஓரத்தில் கொட்டின. போட்ட உரமும் வாங்கிய கடனும் அந்தச் சேற்றுக்குள் போயின. சுற்றிலும் போலீஸ் நின்றது. நம் ஊரில் நெல்வயலைச் சுற்றி இத்தனை காவலர்கள் நின்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். காவல் என்னவோ பொக்லைனுக்குத்தான்.

அப்படி என்ன அவசரம்? இரண்டாவது சுரங்கம் விரிந்துகொண்டே வருகிறது, வழியில் பரவனாறு குறுக்கிடுகிறது, ஆற்றைத் திருப்பிவிட வாய்க்கால் வெட்ட வேண்டும், தாமதமானால் கரி எடுப்பதும் மின் உற்பத்தியும் பாதிக்கப்படும் என்றார்கள். நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் சுரங்கம் என்ன, புயலா? வங்கக் கடலில் திடீரென்று உருவாகி இரவோடு இரவாகக் கரை கடந்ததா? அது எந்த ஆண்டு எந்த வயலைத் தொடும் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே வரைபடம் போட்டவர்கள் இவர்கள்தானே.

இந்த நிலங்களை 2006 முதல் 2013 வரை கையகப்படுத்திவிட்டோம், இழப்பீடும் கொடுத்துவிட்டோம் என்பது நிறுவனம் சொன்ன பதில். தன் தரப்புக்கு வலுச் சேர்ப்பதாக நினைத்துச் சொன்ன பதில் இது. என் கணக்கில் இது ஒப்புதல் வாக்குமூலம். கடைசியாக எடுத்த நிலத்துக்கே அப்போது பத்து வருஷம் ஆகியிருந்தது. அத்தனை காலமும் அந்த மண்ணை உழுதவர், நாற்று நட்டவர், களை எடுத்தவர் எல்லாம் பழைய சொந்தக்காரர்தான். காகிதத்தில் நிலம் கைமாறியது, வயலில் மாறவில்லை. பயிரிடாதீர்கள் என்று சொன்னோமே என்கிறார்கள். சொல்லிவிட்டு? விதை விட்டபோது ஒரு அதிகாரி வந்து நின்றாரா? நடவின்போது வந்தாரா? கதிர் பிடிக்கும் நேரத்தில் மட்டும் எப்படி வந்தது உரிமை?

அந்த வாரம், வாடிய பயிரைக் கண்டு வாடிய வள்ளலாரை மேற்கோள் காட்டாதவர் பாக்கி இல்லை. வடலூர் பக்கத்தில்தானே இருக்கிறது. அவரை நான் விட்டுவிடுகிறேன். இது கருணைக் கணக்கு அல்ல, நிர்வாகக் கணக்கு. பொதுப்பணத்தைக் கொட்டி நிலம் வாங்குகிறது ஒரு பொதுத்துறை நிறுவனம். எடுத்துக் கொடுத்தது வருவாய்த் துறை. மேலே இயக்குநர் குழு, அதற்கும் மேலே நிலக்கரி அமைச்சகம், தணிக்கை வேறு. இத்தனை மேசைகளில் ஒன்றிலிருந்துகூட, 'வாங்கினீர்களே, அந்த நிலம் இப்போது யார் கையில் இருக்கிறது?' என்று கேட்டு உரிய நேரத்தில் முடித்துவைக்க ஆள் இல்லை. வாங்கியதோடு வேலை முடிந்தது என்று கோப்பைக் கட்டி வைத்துவிட்டார்கள். பத்து வருஷத் தூக்கம் அலுவலகத்துடையது. அதற்கான தண்டனை மட்டும் வயலுக்கு.

2014 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த நிலம் கையகப்படுத்தல் சட்டம், எடுத்த நிலத்தை ஐந்து ஆண்டு பயன்படுத்தாமல் போட்டால் பழைய உரிமையாளருக்கோ நில வங்கிக்கோ திருப்ப வேண்டும் என்கிறது. வளையமாதேவிக்காரர்களின் நிலம் அதற்கு முன்பே போய்விட்டது. தூங்குவதற்கும் முகூர்த்தம் பார்த்திருக்கிறார்கள்!

விஷயம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. அறுவடை வரை இரண்டு மாதம் பொறுக்க முடியாதா என்று நீதிபதி கேட்டார். பத்து வருஷம் பொறுத்தவர்களுக்கு இரண்டு மாதம் பொறுக்க முடியவில்லை. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். மிச்சம் நின்ற பயிரை அறுத்துக்கொண்டு செப்டம்பர் 15-க்குள் நிலத்தை ஒப்படைக்க விவசாயிகளுக்கு அவகாசமும் தந்தது. தந்ததால் தமிழ்நாடு இருளில் மூழ்கிவிடவில்லை. ஆக, பொறுத்திருக்க முடியும். பொறுக்க மனம் இல்லை, அவ்வளவுதான்.

அந்த 40,000 ரூபாயும் எந்த அதிகாரி சம்பளத்திலும் பிடித்தது அல்ல, நிறுவனத்தின் பணம். அதாவது நம் பணம். எனவே கேட்கும் உரிமை நமக்கு உண்டு. வாங்கிப் போட்ட ஒவ்வொரு ஏக்கருக்கும் வாங்கிய தேதி, வேலை தொடங்கிய தேதி, இரண்டுக்கும் நடுவில் அந்தக் கோப்பு யார் மேசையில் இருந்தது என்ற பட்டியலை நாடாளுமன்றத்தில் வையுங்கள். அதை வைக்கும் வரை புதிதாக ஒரு சென்ட் நிலம் கேட்டு எந்த ஊருக்குள்ளும் வராதீர்கள்.